கொன்ற கீரை

அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சிய மலைத்தொடர் இருக்கிறது. கென்டக்கி, டென்னசி, வட கரோலினா பக்கத்து மலைவீடுகளில் குளிர்காலம் முடிந்ததும் ஒரு பதார்த்தம் செய்வார்கள். பெயர் 'கில்ட் லெட்டூஸ்'. அந்த மலைப்பேச்சில் 'கில்ட்' என்றால் கொல்லப்பட்டது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், செத்துப்போவது கீரை மட்டும்தான் :-)

செய்முறை ரொம்பச் சின்னது. தோட்டத்தில் கிள்ளிய லெட்டூஸ் இலையையும் வெங்காயத்தாளையும் அலசி, ஈரம் போகத் துடைத்து, கிண்ணத்தில் போட்டு உப்புத் தூவுவார்கள். அடுப்பில் பேக்கன், அதாவது உப்புப் போட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, வறுபட்டுக் கொழுப்பு இறங்கியிருக்கும். அதில் கொஞ்சம் வினிகரை விட்டு (தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்), சூடு குறையும் முன் அப்படியே இலை மேல் கொட்டுவார்கள். 'சொய்ங்' என்று ஒரு சத்தம். கிண்ணம் நிறைய இருந்த இலை பாதியாகச் சுருண்டுவிடும். கடுகு இல்லாத தாளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும் என்பதால் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் ஊற்றுவது. தொட்டுக்கொள்ள மக்காச்சோள ரொட்டியும் வேகவைத்த பீன்ஸும்.

இதை எந்த லெட்டூஸிலும் செய்துவிட முடியாது. பர்கருக்குள் மொறுமொறுவென்று கடிபடுகிறதே, முட்டைகோஸ் மாதிரி உருண்டையான ஐஸ்பெர்க், அது தடித்தது. உள்ளே தண்ணீர் ஜாஸ்தி. இந்தப் பதார்த்தத்துக்கு உருண்டை கட்டாமல் இலை இலையாக விரியும் ரகம்தான் வேண்டும். பிளாக் சீடட் சிம்ப்ஸன் என்ற பழைய ரகம் அந்தத் தோட்டங்களில் பிரசித்தம். வெளிர்பச்சை, ஓரம் சுருள் சுருளாக, காகிதம் போல மெல்லிசு.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் இந்த இலைக்கு இருந்த மதிப்பே தனி. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த பீன்ஸ், உருளைக்கிழங்கு, உப்பு இறைச்சி, ஊறுகாய். மாசக்கணக்கில் பச்சை நிறமே தட்டில் விழாது. முதலில் காட்டில் முளைக்கும் கீரைகளைத் தேடிப் போவார்கள். அதன் பின்னாலேயே தோட்டத்தில் இந்த லெட்டூஸ் வந்துவிடும். மற்ற காய்களுக்கு விதை போடவே பயப்படும் குளிரில், பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ இதை விதைத்துவிடலாம். லேசான உறைபனியைத் தாங்கும்.

விதைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆழமாகப் புதைத்தால் பல ரகங்கள் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். மேலே தூவி, கையால் அமுக்கிவிட்டால் போதும். பாட்டிமாருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த இந்த விஷயத்தை 1952-ல் விஞ்ஞானிகள் குடைந்து பார்த்தார்கள். மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில், வேளாண் துறை ஆராய்ச்சிக்கூடத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற இதே மாதிரி உருளாத லெட்டூஸின் விதைமேல் சிவப்பு ஒளி காட்டினால் முளைத்தது. அதையடுத்து தொலைசிவப்பு ஒளி காட்டினால் முளைக்கவில்லை. மாற்றி மாற்றிக் காட்டினால், கடைசியாகக் காட்டியது எதுவோ அதன்படிதான் நடந்தது! செடிகள் வெளிச்சத்தை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டுபிடிக்க வழி திறந்தது இந்தத் துக்கடா விதைதான்.

முளைத்து ஒன்றரை மாதத்தில் கிள்ளலாம். நம்ம ஊர் அரைக்கீரை மாதிரி, அடியோடு பிடுங்கக் கூடாது. வெளி இலைகளை எடுத்துவிட்டு நடுக்குருத்தை விட்டால் மறுபடி மறுபடி தழையும். வெயில் ஏறும் முன் காலையிலேயே கிள்ளிவிட வேண்டும், மத்தியானத்துக்குள் வாடி விழுந்துவிடும்.

இந்த வாடல்தான் அதன் வியாபாரத்தைக் கெடுத்தது. பர்ப்பி கம்பெனி 1894-ல் ஐஸ்பெர்க் விதையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருண்டை லெட்டூஸ் நசுங்காது, அடுக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவிலிருந்து பனிக்கட்டியோடு ரயிலேறி நாடு முழுக்கப் போனது. அதுவும் சுலபமாக நடந்துவிடவில்லை. ஸ்டைன்பெக்கின் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலில் ஆடம் டிராஸ்க் ரயில் நிறைய லெட்டூஸ் அனுப்பி, வண்டி தாமதமாகி, எல்லாம் அழுகிப் பணத்தைத் தொலைப்பான். (அந்த நாவல் வந்ததும் 1952-லேயே!) இப்போது உருளாத ரகமும் அலசி, பையில் அடைத்துக் கடைக்கு வருகிறது. ஆனாலும் காலையில் கிள்ளி மத்தியானம் கொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

ஜூன் வாக்கில் வெயில் ஏறி, பகலும் நீண்டதும் கதை முடிந்தது. நடுவிலிருந்து தண்டு எழும்பும், இலை கசக்கும். ஒடித்தால் பால் வடியும். லெட்டூஸின் லத்தீன் பெயரே 'லாக்டுகா', பால் என்ற சொல்லிலிருந்து வந்தது. சர்க்கரை தூவியெல்லாம் அந்தக் கசப்பை மறைக்க முடியாது. கோழிக்குப் போட வேண்டியதுதான்.

விதை எடுக்க நினைப்பவர்கள் நன்றாகத் தழைத்த, கடைசியாகத் தண்டு விட்ட ஒன்றிரண்டு செடிகளை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அடுத்த வருஷமும் பெரும்பாலும் அதே ரகமே வரும். மஞ்சள் பூ பூத்து, பஞ்சு கட்டி, விதை முற்றும். அதற்காக மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் குருவி, கோல்ட்ஃபிஞ்ச், காத்துக்கொண்டிருக்கும். பஞ்சு தெரிந்த அன்றே பூங்கொத்தின் மேல் ஒரு காகிதப் பையைக் கவிழ்த்துக் கட்டிவிட வேண்டும்.