கரைக்கும் கப்பலுக்கும் நடுவே

துறைமுகம் வேறு, துறைமுக நகரம் வேறு. தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு இந்த வித்தியாசம் கண்ணெதிரே நடந்து முடிந்த ஒன்று.

பழைய துறைமுகத்தின் கரை வரைக்கும் பெரிய கப்பல் வராது. ஆழம் போதாது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். உப்போ, பஞ்சோ, எதுவானாலும் தோணியில்தான் போய்வர வேண்டும். அந்த ஐந்து மைலில்தான் ஊர் பிழைத்தது: தோணி முதலாளி, தண்டல், பாய் தைப்பவர், கிட்டங்கிக் காவல்காரர், மூட்டை எண்ணும் குமாஸ்தா (என் தகப்பனாருக்கு அந்த வேலைதான்). காற்று கெட்டால் எல்லோரும் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவனுக்குச் சோறு வேண்டும், படுக்க இடம் வேண்டும், கடன் வேண்டும், பேச்சுத்துணை வேண்டும். அந்நியனோடு ஊருக்கு ஏற்படும் உறவு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்த்துகீசியச் சொற்கள் என்பதையே நாம் மறந்தாயிற்று. பாதாமுக்குப் பதில் முந்திரியைப் போட்டு மக்ரூனை எங்கள் ஊர்ப் பண்டமாக்கிவிட்டோம். கலாசாரப் பரிவர்த்தனை என்று கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசப்படுவது பெரும்பாலும் சரக்கு இறங்கத் தாமதமானதன் விளைவு.

1974இல் புதிய துறைமுகம் வந்தது. கப்பல் நேரே தளத்தில் வந்து நின்றது. 1999இல் கண்டெய்னர் முனையம். கிரேன் பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்கிறது. லாரி ஊருக்குள் நுழையாமலே போய்விடுகிறது. கொற்கையையும் காயலையும் தாமிரபரணியின் வண்டல் கடலிலிருந்து பிரித்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. தூத்துக்குடியில் கடல் அப்படியே இருக்கிறது, வர்த்தகமும் பெருகியிருக்கிறது. ஊருக்கு மட்டும் அதில் வேலையில்லை. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. உப்பு மூட்டை சுமந்தவர்களின் தோள்பட்டைப் புண்ணைப் பார்த்தவன் பழைய துறைமுகத்துக்காக ஏங்கமாட்டான்.

நமது விமர்சகர்களுக்குக் கடல் என்றாலே நெய்தல், நெய்தல் என்றால் இரங்கல். கரையில் நிற்பவளின் மனநிலை அது. துறைமுகத்தின் மனநிலை கணக்கு. பட்டினப்பாலைக்காரருக்கு இது தெரிந்திருந்தது. மூட்டைகளின் மேல் புலி முத்திரை குத்துவதைக் கவிதைக்குள் கொண்டுவந்துவிட்டார். பிறகு நெடுங்காலம் கழித்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் (1972) மெடானும் பினாங்கும் கடைத்தெருவோடும் பேரத்தோடும் நமக்குக் கிடைத்தன. அந்த நாவலில் நாடோடித்தனத்தை மட்டும் பார்த்து, அதிலுள்ள வியாபாரியின் கண்ணைக் கவனிக்காமல் விட்டது நம் வாசிப்பின் சோம்பல். தூத்துக்குடித் தோணிக்கு ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2009இல்தான் வந்தது. அதற்குள் பாய்மரங்கள் போய்விட்டன.

பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் போவது நின்றுவிடவில்லை. காய்கறி, ஜல்லி, கல் என்று ஏற்றிக்கொண்டு போகின்றன. அதை எழுத ஆள் கிடைப்பான். ஏக்கம் நமக்குச் சுலபம். கஷ்டம் கண்டெய்னரில்தான். என் தகப்பனார் மூட்டையைத் தொட்டே உள்ளே இருப்பது மிளகாயா மல்லியா என்று சொல்லிவிடுவார். இன்று தளத்தில் நிற்கும் பையனுக்குத் தெரிவது பெட்டியின் மேல் உள்ள நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். அந்தப் பையனிடம் போய்ப் பேசிவிட்டு வந்து எழுதிய ஒரு பக்கத்தை நான் இன்னும் தமிழில் படிக்கவில்லை.