இழுக்கிற வண்டியும் முட்டுக்கட்டையும்

வழக்கமா அன்னதானம், உழவாரப்பணி பற்றித்தான் எழுதுவேன். இன்னிக்கு ஒரு பிக்கப் லாரி கதை. தேரும் இதுல வருது, அதனால பொறுத்துக்குங்க.

ஆடி வெள்ளி அன்னிக்கு காத்தோங்கில் நம்ம பிள்ளையார் கோயில் சமையல்கூடத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். பெர்த்திலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, கேரவன் வாங்கப் போறேன். அதை இழுக்க ஒரு பிக்கப் வேணும். நீங்க ரதம் இழுத்த ஆளாச்சே, எது நல்லதுன்னு சொல்லுங்க."

சிங்கப்பூரில் பிக்கப் என்றால் பின்னால ஏணியும் பெயிண்ட் டின்னும்தான். ஆஸ்திரேலியாவில் குடும்பமே அதில் போகுது. கேரவன் என்பது படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள சக்கர வீடு. அவன் பார்த்து வெச்சது, சாமான் முழுக்க ஏத்தினா 3400 கிலோ. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் எதை எடுத்தாலும் அங்கே 3500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கான். "நூறு கிலோ மிச்சமே இருக்கு மாமா" என்றான்.

அந்த நூறு கிலோவை நினைச்சு எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரலை. காரணம் உண்டு.

பல வருஷத்துக்கு முன்னாடி, வேற ஊர்ல ஒரு ரத ஊர்வலம். சாமி ரதத்தை ஒரு பிக்கப்பில் கட்டி நான்தான் ஓட்டினேன். ரதத்துக்குத் தனி பிரேக் கிடையாது. சமதரையில் பூ மாதிரி வந்துச்சு. ஒரு பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதிச்சேன், வண்டி நிக்கலை. ரதம் பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே வருது. முன்னாடி நாதஸ்வரம், தவில், அதுக்கும் முன்னாடி கோலாட்டம் ஆடுற சின்னப் பிள்ளைங்க. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்த ஒரு பெரியவர், கையிலிருந்த முட்டுக்கட்டையைச் சக்கரத்தடியில் போட்டார். ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு. யாருக்கும் அடி இல்லை. தவில்காரர் மட்டும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், அது இன்னும் மறக்கலை. தப்பு என்னோடது. வண்டி இதை இழுக்குமான்னு பத்துப் பேரைக் கேட்டேன். நிறுத்துமான்னு ஒருத்தரையும் கேக்கலை.

'முட்டுக்கட்டை போடாதே'ன்னு பேச்சுவழக்கில் திட்டுறோம். தேர்க்காரங்களைக் கேட்டுப் பாருங்க. திருவாரூர் ஆழித்தேர் ஏறக்குறைய 300 டன். திருச்சி பெல் நிறுவனம் அதுக்கு ஹைட்ராலிக் பிரேக் செஞ்சு கொடுத்திருக்கு. அப்படியும் சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோட ஆள் நடக்காம அந்தத் தேர் நகராது.

அதனால மருமகன் குதிரைத்திறன் பற்றி அரைமணி நேரம் பேசினதை நான் காதிலேயே வாங்கலை. இப்போ வர்ற டீசல் எஞ்சின் எல்லாமே இழுத்துடும். நான் கேட்டது வேற கணக்கு. வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு எல்லை உண்டு, ஜிசிஎம் என்பாங்க. அவன் பார்த்த வண்டிக்கு அது 6000 கிலோ. கேரவன் 3400 போனா 2600. வெறும் வண்டியே 2200. மிச்சம் 400. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, எங்க அக்கா, அஞ்சு பேரும் சேர்ந்து 280 கிலோ. பின்னால மாட்டுற கூண்டும் முன்னால மாட்டுற கம்பியும் 180. பெட்டி ஏத்துறதுக்கு முன்னாடியே 60 கிலோ அதிகம்! 3500 என்று கொட்டை எழுத்தில் போடுறவங்க இதை மட்டும் கையேட்டுக்குள்ள பொடி எழுத்தில் வைக்கிறாங்க.

இன்னொண்ணு, கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்காவது பிக்கப்பின் கொக்கி மேல உட்காரணும். குறைஞ்சா வேகத்தில் கேரவன் வாலாட்டும். அந்த எடையும் பிக்கப் தாங்குற சுமையில் சேரும். அங்கே 2000 கிலோவுக்கு மேலன்னா கேரவனின் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் இருக்கணும், கொக்கி அறுந்தா தானாவே பிடிக்கிற பிரேக்கும் வேணும்னு சட்டம். அந்த பிரேக்கை ஓட்டுநர் பக்கத்திலிருந்து கட்டுப்படுத்துற கருவியை நல்ல ஆளை வெச்சுப் பொருத்தச் சொன்னேன். பெர்த்துக்குக் கிழக்கே கிரீன்மவுண்ட் இறக்கத்தில் பெரிய லாரிகளே பிரேக் பிடிக்காம ஓடியிருக்கு. இறங்கும்போது தாழ்ந்த கியர், பிரேக்கிலேயே கால் வெச்சுத் தேய்க்காதேன்னும் சொன்னேன்.

"அப்போ ராம் 1500 வாங்கட்டுமா? 4500 கிலோ இழுக்கும்" என்றான். விலை அங்கே ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல. வண்டியைப் பெரிசாக்காதே, வீட்டைச் சின்னதாக்குன்னு சொன்னேன். உடனே போனை அக்கா வாங்கிக்கிச்சு. "தம்பி, எனக்கு முட்டி வலி. ராத்திரியில இருட்டுல கழிவறை தேடிப் போக முடியாது. அது இல்லாத கேரவன்ல நான் வரமாட்டேன்." நியாயம்தானே. ரெண்டு மாசம் இதே பேச்சு. மருமகன் என்கிட்ட கொஞ்சநாள் சரியா பேசக்கூட இல்லை.

கடைசியில் 2900 கிலோவுக்குள்ள அடங்குற ஒண்ணு கிடைச்சுது. கழிவறை இருக்கு. பிள்ளைங்களோட அடுக்குக் கட்டில் இல்லை, அதனால பெரியவன் வெளியே கூடாரத்தில் படுப்பானாம். அவனுக்கு ஒரே குஷி.

நேத்து ராத்திரி எடைமேடைச் சீட்டைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தான். ஆளோட, சாமானோட மொத்தம் 5610 கிலோ. கூடவே இன்னொரு படம். கேரவன் சக்கரத்துக்கு முன்னாடி நல்ல மரத்தில் செஞ்ச ரெண்டு கட்டை, ரெண்டிலும் சந்தனம், குங்குமம். அக்கா வேலை.

பெர்த், மெல்பர்ன் பக்கம் கேரவன் இழுத்த அனுபவம் உள்ள அடியார்கள் இருந்தா கீழே எழுதுங்க, அவனுக்கு அனுப்புறேன். அப்புறம், இந்த வெள்ளி காலை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ரெண்டு பேர் குறையுது. கத்தி நாங்க தர்றோம்.