எழுபது வளைவுகளும் ஒரு வழிகாட்டியும்

கொல்லிமலைச் செம்மேட்டில் நோயுற்றிருந்த நண்பரைக் காண, சேலத்தில் லுஹர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். இராசிபுரம் கடந்து காரவள்ளி அடிவாரம் வரை சமவெளி; வழிகாட்டிக்கு வேலையே இல்லை. அதன்பின் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் சாலை பிரிந்த இடத்தில் கைப்பேசியின் வரைபடம் வெறுமையாயிற்று!

குறை செயற்கைக்கோளிடம் இல்லை. நான்கு கோள்களின் சமிக்ஞை கிட்டினால் இருப்பிடம் தெரிந்துவிடும். வரைபடத்தைத்தான் அலைபேசிக் கோபுரத்திடம் கடன் வாங்குகிறோம். ஆகவே கருவி வாங்குவோர், வரைபடம் உள்ளேயே சேமிக்கப்பட்டுள்ளதா, மழையையும் அதிர்வையும் தாங்குமா, வெயிலில் திரை தெரியுமா என்று பார்த்து வாங்குக. முன்கூட்டியே வரைபடம் இறக்கிய கைப்பேசியே நம்மில் பலருக்குப் போதும் என்பேன்.

அன்று பலாப்பழம் விற்ற மூதாட்டியே வழி சொன்னார். மேற்கின் செவ்வானம் பார்த்துக் கிப்லாவை நிர்ணயித்து மஃரிப் தொழுதேன். நண்பர் விழித்தேயிருந்தார், அல்ஹம்துலில்லாஹ்.