கரகரப்பைத் தேடி உத்திரமேரூருக்கு!

உத்திரமேரூர்னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? ஸ்கூல் புக்கில் படிச்ச குடவோலை முறைதானே! பரீட்சைக்குப் பரீட்சை மார்க் அள்ளிக் கொடுத்த ஊராச்சே! ஆனா, இந்த ஆடி மாசம் நானும் என் ரூம்மேட்டும் அந்த ஊருக்கு பஸ் ஏறினது வேற விஷயத்துக்கு. கரகரப்புக்கு! ஆமாம் பாஸ்... ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி, தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம் வருமே, அதேதான். ஸ்டைலா சொன்னா 'டிஸ்டார்ஷன்'.

"ஸ்பீக்கர் கரகரன்னா கடையில கொடுத்து ரிப்பேர் பண்ணுவாங்க. நீங்க அதைத் தேடிப் போறீங்களா?"ன்னு ஹாஸ்டலே சிரிச்சது. சிரிக்கட்டும். மேட்டர் தெரிஞ்சா அவங்களும் அடுத்த பஸ்ஸில் ஏறிடுவாங்க.

பேஸ் எங்கே போச்சு?

இப்போ நம்ம செட்டில் நிறைய பேர் லேப்டாப்பிலேயே டியூன் போடுறாங்க. எல்லோருக்கும் வர்ற ஒரே தலைவலி, பேஸ். ஹெட்போனில் நெஞ்சை உலுக்குற பேஸை ஃப்ரெண்டோட போனில் போட்டுக் காட்டினா, ஆளையே காணோம்! காரணம் சிம்பிள். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நகத்தளவு ஸ்பீக்கர் அவ்வளவு பெரிய அலையை எப்படித் தள்ளும்?

இங்கேதான் டிஸ்டார்ஷன் கைகொடுக்குது. சுத்தமான சைன் அலையின் தலையைக் கொஞ்சம் தட்டி நசுக்கினா, 50 கூடவே 100, 150, 200, 250னு மடங்கு மடங்கா புதுச் சத்தங்கள் முளைக்கும். நம்ம மூளை பெரிய கில்லாடி. 200, 250, 300 மட்டும் காதில் விழுந்தாலே, 'ஓஹோ, அடியில 50 இருக்கு போல'ன்னு அதுவே கணக்குப் போட்டு, இல்லாத பேஸைக் கேட்டுக்கும். கரகரப்பு இல்லேன்னா குட்டி ஸ்பீக்கரில் பேஸே இல்லை!

இதுக்காகவே பிளக்-இன்கள் குவிஞ்சு கிடக்கு. 'பிட் கிரஷர்'னு ஒண்ணு. 16 பிட்டில் 65,536 படிகள் இருக்கிற சத்தத்தை 4 பிட்டுக்கு இறக்கி, வெறும் 16 படியாக்கிடும். வழுவழு அலை மாடிப்படி மாதிரி ஆகி, பழைய வீடியோ கேம் போல உறுமும். 'வேவ் ஃபோல்டர்'னு இன்னொண்ணு. இது அலையின் உச்சியை வெட்டாது. பாயைச் சுருட்டாம மடிக்கிற மாதிரி உள்பக்கமா மடிச்சு விடும். ஐசோடோப் கம்பெனி 2003-ல் விட்ட பிளக்-இன்னோட பேரே 'ட்ராஷ்'. அதாவது குப்பை! 2012-ல் வந்த அதோட 2-வது பதிப்பில், விதவிதமான பெட்டிகள், பொருட்களுக்குள்ளே நம்ம சத்தத்தை அனுப்பி எடுக்கிற வசதியும் இருந்தது.

அப்புறம் எதுக்குப் பயணம்? எல்லோர்கிட்டயும் அதே பிளக்-இன், அதே பிரீசெட். பத்துப் பேர் டியூனும் ஒரே மாதிரி கரகரக்குது. நம்ம ஊர்க் கரகரப்பு ஒண்ணு இருக்குமே, அதை எடுத்து வந்தா என்ன? இதுதான் ஐடியா.

மரத்து மேலே ஒரு பிளக்-இன்

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30. காஞ்சிபுரத்தில் பஸ் மாறினதும் ஜன்னலுக்கு வெளியே வயல், ஏரி, மறுபடி வயல், மறுபடி ஏரி. உத்திரமேரூரில் இறங்கி டீ குடிச்சிட்டு, பக்கத்துக் கிராமம் ஒண்ணுக்கு ஷேர் ஆட்டோ. மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் திருவிழா. ஊர் எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே அம்மன் பாட்டு வரவேற்க ஆரம்பிச்சிடுச்சு.

சத்தம் வந்த இடம், புளியமரத்தின் உச்சியில் கயிறு போட்டுக் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர். கீழே ஒரு கீத்துக் கொட்டகையில் ஆம்ப்ளிஃபையரோடு மைக்செட் அண்ணன். நாங்க வந்த கதையைச் சொன்னதும், அவரு எங்களை ஒரு மாதிரி பார்த்தாரு.

"இன்னா தம்பி, கரகரன்னு வந்தா ஊர்க்காரங்க என்னைத் திட்டுவாங்க. நீ அதைப் பதிவு பண்ணணும்ங்கிற!"

"பேஸ் எப்படிண்ணே கேட்குது இதுல?"

"இதுல ஏது பேசு? பேசு வேணும்னா பாக்ஸ் வைக்கணும். கூம்பு கத்தத்தான் செய்யும். ஆனா நாலு ஊருக்குக் கேட்கும்."

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். இந்தக் கூம்புகளில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் சரசரன்னு இறங்கிடும். ஆனா நம்ம காது கூர்மையா இருக்கிற 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் நல்லா எகிறும். அதனாலதான் வயலைத் தாண்டி, ஏரியைத் தாண்டிக் கேட்குது. இதில் ஒரு பேஸ் கேட்கணும்னா, அது 300-க்கு மேலே மடங்குகளை முளைக்க வைக்கணும். அதாவது கரகரக்கணும்! பழைய பாட்டில் பேஸ் கிட்டார் வர்ற இடத்தில் அண்ணன் வால்யூமை ஏத்திக் காட்டினாரு. ஆம்ப்ளிஃபையர் திணறி அலையின் தலையை வெட்ட, மரத்து மேலேயிருந்து 'ட்ரூம்... ட்ரூம்...'னு பேஸின் ஆவி மட்டும் இறங்கி வந்தது. ரூம்மேட் கண்ணு விரிஞ்சிடுச்சு.

மதியம் கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில், அண்ணன் பர்மிஷனோடு எங்க லேப்டாப்பை அவர் செட்டில் சொருகினோம். நாங்க போட்டு வச்சிருந்த பேஸ் லைனை கூம்பு வழியா ஓட விட்டு, முப்பதடி தள்ளி ரெக்கார்டரை வச்சுத் திரும்பப் பதிவு பண்ணினோம். ஸ்டுடியோக்காரங்க இதை 'ரீ-ஆம்பிங்'னு சொல்வாங்க. அடுத்து, 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 வரைக்கும் 'ஊ...ய்ய்ங்'னு ஏறுற ஒரு ஸ்வீப் டோன். ரெண்டு நாய் ஊளையிட்டதைத் தவிர, பதிவு பக்கா.

'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பேப்பரில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், கன்வல்யூஷன்னு மனப்பாடம் பண்ணினோமே, அது உயிரோட வந்து நின்ன இடம் இதுதான். இந்த ஸ்வீப்பிலிருந்து கூம்பின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை எடுத்துட்டா, எந்தச் சத்தத்தையும் ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தபடியே அந்தப் புளியமரத்து வழியா அனுப்பலாம். ஒரே ஒரு விஷயம்: கன்வல்யூஷன் லீனியர் சமாச்சாரம். கூம்போட குரல் வரும், ஆம்ப்ளிஃபையர் திணறுறது வராது. அதனால முதலில் பேஸை நசுக்கணும், அப்புறம்தான் கூம்புக்குள்ளே அனுப்பணும். இத்தாலிக்காரர் ஆஞ்சலோ ஃபரீனா 2000-ல் கொண்டுவந்த ஸ்வீப் முறை இதில் இன்னும் ஒரு படி மேலே. திணறலில் முளைச்ச ஒவ்வொரு மடங்கையும் தனித்தனியாப் பிரிச்சே காட்டிடும்.

பம்பைக்காரர் காட்டின வித்தை

சாயந்திரம் கரகம் கிளம்பினப்போ பம்பையும் உடுக்கையும் சேர்ந்துக்கிச்சு. இடுப்பில் ஒண்ணு மேல ஒண்ணாக் கட்டின ரெட்டை முழவுதான் பம்பை. அது அடிக்கிற அடியில் அடிவயிறு கலங்குது. ஆனா எங்களைக் கட்டிப்போட்டது உடுக்கை. இடுப்பு சிறுத்த அந்தக் குட்டி வாத்தியத்தின் கயிறுகளைக் கையால் இறுக்கினா சுருதி ஏறுது, விட்டா இறங்குது. லேப்டாப்பில் 'பிட்ச் பெண்ட்'னு சக்கரத்தை உருட்டுறோமே, அதேதான்! ஒரு முகத்துக்குக் குறுக்கே கட்டியிருக்கிற நரம்பு ஒவ்வொரு அடிக்கும் தோலில் பட்டு அதிருது. அந்த 'ஜ்ர்ர்' சத்தம் தானா வந்ததில்லை. வேணும்னே கட்டி வச்சது.

யோசிச்சுப் பார்த்தா நம்ம வாத்தியங்களில் பாதி இப்படித்தான். தெற்கே போனா உறுமி மேளம். ஒரு முகத்தில் வளைஞ்ச குச்சியை வச்சுத் தேய்ச்சா, குச்சி பிடிச்சுப் பிடிச்சு வழுக்கி, புலி மாதிரி உறுமும். டப்ஸ்டெப் பாட்டில் வர்ற 'க்ரவுல் பேஸ்'க்கு இது பெரியப்பா. தம்புராவில் தந்திக்கு அடியில் சின்ன நூலைச் சொருகி ஜீவாளி பிடிக்கிறாங்களே, அதுவும் சுத்தமான சத்தத்தில் ரீங்காரம் சேர்க்கிற வேலைதான். சர் சி.வி.ராமன் 1921-ல் தம்புரா, வீணை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினா சில மடங்குகள் வரவே கூடாதுன்னு விதி. ஆனா வளைஞ்ச குதிரை இருக்கிற நம்ம வாத்தியங்களில் அந்த மடங்குகளும் ஜம்முனு வருதுன்னு காட்டினார். விதியை மீறினதுதான் அந்த வாத்தியங்களோட அழகே!

மேல்நாட்டுக்காரங்களுக்கு இந்த ருசி ஒரு ரிப்பேரில்தான் பிடிபட்டது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடின 'டோன்ட் வொர்ரி' பாட்டு, 1961-ல் வெளிவந்தது. அதன் பதிவில் கிரேடி மார்ட்டின் வாசிச்ச ஆறு தந்தி பேஸ், மிக்ஸர் கோளாறால் கரகரன்னு பதிவாயிடுச்சு. தூக்கிப் போடாம அப்படியே விட்டாங்க, பாட்டு ஹிட்! பதிவு பண்ணின இன்ஜினீயர் க்ளென் ஸ்னாடி, அந்தக் கோளாறையே ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைச்சார். 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்'னு கடைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்த, உலகமே கரகரக்க ஆரம்பிச்சது. ஆரம்பம் ஒரு பேஸ்தான், நோட் பண்ணிக்கோங்க!

"அப்புறம் என்னைக் கூப்பிடுவாங்களா?"

கரகம் இறங்கினதும் பம்பைக்காரர்கிட்ட ரெக்கார்டரைக் காட்டி, தனித்தனி அடியா வாசிச்சுத் தர முடியுமான்னு கேட்டோம். பெரியவர். துண்டால் முகத்தைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு.

"இதைப் பிடிச்சுப் போயி என்னா பண்ணுவீங்க கண்ணு?"

"கம்ப்யூட்டர்ல போட்டு, பாட்டுக்குப் பயன்படுத்துவோம்ய்யா."

"பொத்தானை அமுக்கினா என் பம்பை கேட்குமா?"

"கேட்கும்."

"அப்புறம் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிடுவாங்களா?"

எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை. அவர் கோபமாக் கேட்கலை. சும்மா கேட்டார். பக்கத்துத் தெருவில் இளவட்டங்க ஏற்பாடு பண்ணின பாக்ஸ் செட்டில் டிஜே பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. அங்கே இருந்த கூட்டம், இங்கே இருந்ததை விட அதிகம். பம்பைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பார்க்கணும்னு அவசியமில்லை, காலுக்கடியில் தரையே அதிருதே!

கடைசியில் வாசிச்சுக் கொடுத்தாரு. தனித்தனி அடியா இல்லை. "ஒத்த அடியில என்னா இருக்கு?"ன்னுட்டு, அரை மணி நேரம் வர்ணிப்போடு முழுசா வாசிச்சாரு. நாங்களும் கையில் இருந்ததைக் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காம மடியில் சொருகிக்கிட்டாரு.

கல்லில் இருக்கிற கண்டிஷன்

மறுநாள் காலையில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919-ல் ஒரு விதிமுறை, 921-ல் அதைத் திருத்தி இன்னொண்ணு. ரெண்டே வருஷத்தில் அப்டேட் விட்டிருக்காங்க! முதல் வெர்ஷனில் வாரிய உறுப்பினர் வயசு 30 முதல் 60. அடுத்ததில் 35 முதல் 70. எப்படிப் பார்த்தாலும் இருபது வயசுக்காரங்களுக்கு சீட் இல்லை.

அதில் ஒரு கண்டிஷன்தான் எங்களை நிறுத்திடுச்சு. வாரியத்தில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடம் கிடையாது. அவன் மட்டுமில்லை, அவனோட சொந்தக்காரங்களுக்கும் கிடையாது. பொதுச் சொத்தைக் கையில் எடுத்தா கணக்குக் காட்டணும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்லில் வெட்டி வச்சிருக்காங்க. நம்ம ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற பம்பைச் சத்தத்துக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து மூணு முடிவு எடுத்தோம். கூம்பின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை யார் கேட்டாலும் ஃப்ரீயாக் கொடுக்கிறது. அது மரத்தோட, இரும்போட குரல், யார் சோத்துலயும் கை வைக்காது. பம்பை வாசிப்பைத் துண்டு துண்டா வெட்டி 'சாம்பிள் பேக்'னு விக்கிறதில்லை. பாட்டில் பயன்படுத்தினா, அவர் சம்மதத்தோடு அவர் பேரும் வரணும், பணம் வந்தா பங்கும் போகணும். மூணாவது, எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் அந்த பேஸை வாசிக்கிறப்போ மேடையில் பம்பையும் இருக்கணும். ரெக்கார்டிங் இல்லை, ஆளு!

நீங்களும் ட்ரை பண்ணுங்க

பெரிய செலவு இல்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போங்க, மைக்செட் அண்ணனை ஃப்ரெண்டு பிடிங்க. ரெக்கார்டர் இல்லேன்னா மொபைலே போதும். 'ஆடாசிட்டி' இலவசம், அதிலேயே டிஸ்டார்ஷன் எஃபெக்ட் இருக்கு. 'ரீப்பர்' மென்பொருளில் வர்ற 'ரியாவெர்ப்'பில் இம்பல்ஸ் ஃபைலைப் போட்டா கன்வல்யூஷன் ரெடி. ஒரு டிப்ஸ்: பேஸை ரெண்டாப் பிரிங்க. சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறதைச் சுத்தமா விட்டுடுங்க. மேலே இருக்கிறதை மட்டும் நசுக்குங்க, மடிங்க, கூம்புக்குள்ளே அனுப்புங்க. பெரிய ஸ்பீக்கரில் நெஞ்சு அதிரும், மொபைலிலும் பேஸ் காணாமப் போகாது.

காதுக்கு ரொம்பப் பக்கத்தில் கூம்பு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேலே சத்தத்துக்குத் தடை இருக்கு, மறந்துடாதீங்க. அப்புறம், யார்கிட்ட சத்தம் வாங்கினாலும் அவர் போன் நம்பரையும் வாங்கி வச்சுக்கோங்க. உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ் தேதி முடிவானதும் முதல் கால் அவருக்குப் போகட்டும்!