அம்மா வீட்டு லேப்டாப்பில் ஆக்ஸ்ஃபோர்டு மழை!

பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் அது. இரண்டு ஜிபி ராம். பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிறது. கடலூர் முதுநகர் வீட்டு பீரோ மேல் பழைய துணி சுற்றிக் கிடந்தது. சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மகன், ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தவன், அதை இறக்கித் தூசு தட்டி சார்ஜரைச் செருகினான்.

“எடைக்குப் போடப் போறியா தம்பி?” என்றார் அம்மா.

“இல்லம்மா, வேலைக்கு அனுப்பப் போறேன்.”

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கின்றன. அந்தச் சும்மா நேரத்தை விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை பிரபலமானது 1999 மே மாதத்தில். வேற்றுக்கிரக வாசிகளின் சிக்னலைத் தேடும் ‘செட்டி அட் ஹோம்’ திட்டத்தை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கியது. உலகெங்கும் லட்சக்கணக்கான வீடுகள் சேர்ந்தன. அதே பெர்க்லியில் பிறந்த பொது மென்பொருள்தான் ‘பாயிங்க்’. இதை நிறுவிவிட்டு, நட்சத்திர ஆராய்ச்சியா, மருத்துவமா, கணிதமா என்று நமக்குப் பிடித்த திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

மகன் தேர்ந்தெடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2003-ல் தொடங்கிய பருவநிலைத் திட்டம். காரணம், 2015. அந்த நவம்பரில் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கமெல்லாம் வெள்ளக்காடானபோது முதுநகர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. மகன் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் இருந்தான். கூடவே இருந்ததால் லேப்டாப் தப்பித்தது. வீட்டில் இருந்த அரிசி மூட்டை, பாய், படுக்கை எதுவும் தப்பவில்லை. இன்றும் ஐப்பசி பிறந்தால் அம்மா ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் பரணில் ஏற்றிவிடுவார்.

லேப்டாப் வந்தபோதே அதில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ இருந்தது. பழைய மெஷினுக்கு இப்போது ஏற்றதாக மகன் டெபியன் லினக்ஸைப் போட்டான். பாயிங்க்கை நிறுவுவது டெர்மினலில் ஒரே வரி. டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் அவற்றின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. கண்ட இடத்தில் தேடி டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். திரையில் பாயிங்க் மேனேஜர் திறந்தது. உள்ளே ஓடும் பாயிங்க்கோடு பேச மறுத்தது. லினக்ஸில் பாயிங்க் தனக்கென்று தனிப் பயனர் பெயரில் ஓடும். வீட்டிலேயே குடியிருந்தாலும் தனிச் சாவி வைத்திருக்கும் வாடகைக்காரர் மாதிரி. பாயிங்க் என்ற குழுவில் நம் பயனர் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்ததும் கதவு திறந்தது.

அடுத்து, வந்த வேலையெல்லாம் சில நொடிகளில் ‘எரர்’ என்று செத்தது. பருவநிலை மாடல்களில் சில 32 பிட் காலத்து நிரல்கள். இன்றைய 64 பிட் லினக்ஸில் அவற்றுக்கு வேண்டிய பழைய லைப்ரரிகள் தானாக வருவதில்லை. அவற்றைத் தனியாகப் போட்டதும் வேலை ஓடத் தொடங்கியது. சூடேறாமலிருக்க, பிராசஸரில் பாதியை மட்டும் பயன்படுத்தும்படி அமைத்தான்.

“கரன்ட் பில் யாருப்பா கட்டுறது?”

நியாயமான கேள்வி. கூடுதலாக 30 வாட் இழுக்கிறது, தினம் 12 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட். “இலவசமா வர்ற நூறுல இருபதை இதுவே தின்னுடுமா?” என்றார் அம்மா. மகனுக்கு வேறொரு உறுத்தலும் இருந்தது. இதே மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் தயாரிக்கிறார்கள். அதைச் செலவழித்தா பருவநிலைக்குக் கணக்குப் போடுவது? காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டும், வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் விடுமுறை என்று அம்மாவும் மகனும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

“சரி, அடுத்த வருஷம் வெள்ளம் வருமான்னு இது சொல்லிடுமா?”

சொல்லாது. தாயக்கட்டையில் கள்ளம் இருக்கிறதா என்று ஒரு தடவை உருட்டினால் தெரியாது. ஆயிரம் தடவை உருட்ட வேண்டும். அதுபோல, ஒரே பருவத்தை ஆரம்ப நிலையைத் துளித்துளி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்டுகிறார்கள். மனிதர்கள் சூடாக்கிய பூமியில் ஒருமுறை, சூடாக்காத கற்பனைப் பூமியில் ஒருமுறை. இரண்டில் எதில் பெருமழை அதிகம் விழுகிறது என்று எண்ணுகிறார்கள். அத்தனை முறை உருட்டத்தான் அத்தனை வீடுகள் தேவை.

2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையைப் பற்றியும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். புவி வெப்பமயமாதலின் பங்கு அந்த மழையில் தென்படவில்லை. காற்றிலுள்ள மாசுத் துகள்களின் குளிர்ச்சி அதை ஈடுகட்டியிருக்கலாம் என்றது அந்த ஆய்வு. “தென்படலைன்னு சொல்றதுக்கே இவ்வளவு கணக்கா!” என்றார் அம்மா. கணக்குப் போடாமலிருந்தால் அதுகூடத் தெரிந்திருக்காது என்றான் மகன்.

மகன் திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டான். மெஷின் அம்மா பொறுப்பு. பருவநிலை வேலை ஒன்று முடிய இந்தப் பழைய லேப்டாப்புக்கு வாரக்கணக்கில் ஆகும். பேட்டரி இல்லாததால் பட்டென்று கரன்ட் போனால் மாடல் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. அதனால் தினமும் விளக்கு வைப்பதற்கு முன் ‘சஸ்பெண்ட்’ அழுத்தி, ஒரு நிமிஷம் பொறுத்து, ஷட் டவுன். செய்தித்தாளில் ‘நாளை மின்தடை’ பகுதியை முதலில் பார்ப்பதும் பழக்கமானது. சதவீதத்தை காலண்டர் தாளில் குறித்து வைப்பார்.

71 சதவீதத்தில் இருந்தபோது, ஒரு பிற்பகல் இடியில் கரன்ட் போனது. திரும்ப ஆன் செய்தபோது ‘எரர்’. அன்று மழையை விட அம்மாவின் குரல்தான் அதிகம் நனைந்திருந்தது. “தம்பி, அது போயிடுச்சுப்பா. ரெண்டு மாசமாப் பார்த்துக்கிட்டேன்.”

மகன் விளக்கினான். அந்த மாடல் இறுதிவரை காத்திருந்து மொத்தமாக அனுப்புவதில்லை. வழிநெடுகச் சிறுகச் சிறுக முடிவுகளை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போய்ச் சேர்ந்தது சேர்ந்ததுதான். கெட்டுப்போன வேலையை சர்வர் வேறொருவருக்குக் கொடுக்கும்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. “அப்ப, நாம விட்டதை வேற யாரோ ஒரு வீட்டுல எடுத்துப்பாங்க.”

“ஆமாம்மா. நாம செய்யறதும் யாரோ விட்டதா இருக்கும்.”

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புது வேலை ஒன்று இறங்கியது. காலண்டரில் அம்மா பூஜ்ஜியம் போட்டார்.