கெயின் திருகும் தந்தையின் செவியும்

தளவாய்புரம் தையல் இயந்திரங்களின் ஊர். நைட்டி தைக்கும் கூடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த இரைச்சலின் நடுவே வளர்ந்தமையாலோ என்னவோ, உரக்க ஒலித்தால் நன்றாகக் கேட்கும் என்னும் எண்ணம் இளமையிலேயே நம்மிடம் படிந்துவிட்டது. அது பிழையென்று நாற்பது வயதுக்கு மேல் நமக்குக் கற்றுத் தந்தது ஒரு சிறு திருகு.

நம் தந்தையாருக்கு வயது 76. செவி சற்று மந்தம். ஞாயிறுதோறும் அவரைத் திருவில்லிபுத்தூர்க் கோயிலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். முகவூர், இராசபாளையம் கடந்து செல்லும் வழியெல்லாம் அவருக்குப் பழைய பாடல்கள் வேண்டும். அதற்காகவே நம் பழைய மகிழுந்தில் ஆம்பிளிஃபையர் ஒன்றையும் கதவு ஸ்பீக்கர்களையும் பொருத்தினோம். சில வாரங்கள் கழித்து, “பாட்டு தெளிவா இல்லப்பா” என்றார். ஆம்பிளிஃபையரின் பக்கத்தில் ‘கெயின்’ என எழுதிய திருகு ஒன்று கண்ணில் பட்டது. திருப்புளியை எடுத்து வலக்கோடி வரை திருகிவிட்டோம். சத்தம் பெருகியது, தந்தையார் முகம் சுளித்தார். அடுத்த மாதம் ஒரு ஸ்பீக்கர் கருகிய நெடியோடு ஓய்ந்தது. அதைவிட நம்மை உறுத்தியது வேறொன்று. பாட்டு வைக்கவா என்று கேட்டால், “வேண்டாம்ப்பா” என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். முதுமை என்றெண்ணி வாளாவிருந்தோம்.

நம்மிடம் தமிழ் பயின்று, இன்று வண்டிகளுக்கு வயரிங் செய்துவரும் மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார். “ஐயா, இது சத்தம் கூட்டுற திருகு இல்ல” என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கி உரைப்போம். பாட்டுக் கருவி அனுப்பும் மின்னழுத்தத்துக்கு ஆம்பிளிஃபையரை இணங்கச் செய்வதே கெயினின் வேலை. நம் திருகில் ஒரு கோடியில் 6 வோல்ட்டு, மறுகோடியில் 0.2 வோல்ட்டு என்று குறித்திருந்தது. 0.2இல் வைத்தால், 0.2 வோல்ட்டு உள்ளே வந்தவுடனேயே ஆம்பிளிஃபையர் தன் முழு வலிமையைக் காட்டிவிடும். நம் பாட்டுக் கருவியோ 2 வோல்ட்டு வரை அனுப்பக்கூடியது. பத்து மடங்கு மிகை! ஆம்பிளிஃபையர் தன் எல்லைக்கு மேல் எழ முடியாதாகையால் ஒலியலையின் முகடுகள் சீவப்பட்டுத் தட்டையாகின்றன. முற்றிலும் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப்போல் இருமடங்கு ஆற்றலைச் சுமக்கும். ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகியது அதனால்தான்.

பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றினார். பேஸ் பூஸ்ட், வடிகட்டி யாவற்றையும் அணைத்தார். கெயினை அடிமட்டத்துக்குக் குறைத்தார். பாட்டுக் கருவியின் ஒலியளவை 40இல் 30க்கு வைத்து, 50 ஹெர்ட்சு சோதனை ஒலியை ஓடவிட்டார். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதுவே. ஆகவே எளிய மல்டிமீட்டரும் அதைப் பிழையின்றி அளக்கும் என்றார். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டுமாம். நாமறிந்த ஓம் வேறு! 50 வாட்டு, 4 ஓம், பெருக்கினால் 200, வர்க்கமூலம் ஏறத்தாழ 14.1. மீட்டர் 14 வோல்ட்டைக் காட்டும்வரை மெல்லத் திருகி நிறுத்தினார். திருகு பாதியைக்கூட எட்டவில்லை. வடிகட்டியைப் பழையபடி வைத்துப் புதிய ஸ்பீக்கரை இணைத்தார். “இனி 30ஐத் தாண்டாதீங்க ஐயா.”

அப்போது நமக்கு மாதவி நினைவுக்கு வந்தாள். கானல்வரியில் கோவலன் கையில் யாழை நீட்டுமுன், பண்ணல் முதலாகக் குறும்போக்கு ஈறாக எண்வகையாலும் அவள் அதனை இசைத்துப் பார்க்கிறாள். மூன்றாவதன் பெயர் ஆராய்தல். இவ்வெட்டினையும் ஆண்டுதோறும் வகுப்பில் பட்டியலாக ஒப்பித்துவரும் நாம், ஒரு திருகைத் தொடுமுன் ஆராயவில்லை. பின் வரிசை மாணவர்க்கு விளங்கவில்லையெனில் குரலை உயர்த்துவதே நம் வழக்கமாயிருந்தது என்பதும் உறைத்தது.

அடுத்த ஞாயிறு பாட்டை ஓடவிட்டோம். முன்னைவிடச் சத்தம் குறைவு. முகவூர் தாண்டும்வரை தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தொடையில் மெல்லத் தாளம் போடத் தொடங்கினார்.

“இப்பத்தாம்ப்பா சொல்லு வெளங்குது” என்றார்.

அவர் செவியின் மீது பழி போட்டு நாம் கழித்த அந்த மாதங்களை எண்ணிப் பேசாமல் வண்டியை ஓட்டினோம். இராசபாளையம் வந்தது. பாட்டு முடிந்தது. “அதையே இன்னொரு தடவை வை” என்றார்.