சூரியன் எரியும் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் உபாத்தியாயர்களுக்குத் திடீரென்று மதிப்புக் கூடிவிடுகிறது. மற்ற நாட்களில் நம்மை ஏறிட்டும் பாராதவர்கள், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்க வருகிறார்கள். யோசனை என்பது பேச்சுக்குத்தான். கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு, அதற்கு நம் வாயால் ஓர் ஆமோதிப்பு வாங்கிப் போவதே பெரும்பாலோர் நோக்கம்.

இவர்களுக்கிடையே ஒரு மாணாக்கி வந்தாள். பௌதிக சாஸ்திரம் படிக்க வேண்டும். அதிலும், சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நடத்திக் காட்டும் முயற்சியில் சேர வேண்டும் என்பது அவள் அவா. உடன் வந்த தகப்பனார் ஜவுளிக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சூரியன் எத்தனை வருஷத்தில் சோறு போடும், ஸார்?" இதைவிட நேரான கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டுவிட முடியாது.

அவள் விண்ணப்பிக்க இருந்த சர்வகலாசாலை, பௌதிகத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்தை ஒரு பக்கம் எழுதும்படி கேட்டிருந்தது. எழுதிக் கொண்டு வந்திருந்தாள். உலகத்தின் மின்சாரத் தட்டுப்பாடு, புகையில்லாத வருங்காலம், பாரதத்தின் பெருமை எல்லாம் அதில் இருந்தன. அவள் மட்டும் இல்லை. யார் பெயரைத் தலைப்பில் போட்டாலும் அந்தப் பக்கம் பொருந்தும்.

அதை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய பாடப் புத்தகத்தையே எடுக்கச் சொன்னோம். இரண்டு புரோட்டான்கள், இரண்டும் நேர் மின்னூட்டம் கொண்டவை, நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளும். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவு நெருங்கினால்தான் அணுக்கருவின் கவர்ச்சி அவற்றைப் பிணைக்கும். கூலூம் விதியும் வாயுக்களின் இயக்கக் கொள்கையும் உனக்குத் தெரியுமே, அவ்வளவு நெருங்க எத்தனை உஷ்ணம் வேண்டும் என்று கணக்கிட்டு வா என்றோம்.

இரண்டு நாள் கழித்து முகம் வாடி வந்தாள். "கணக்குத் தப்பாக வருகிறது, ஸார். 1,000 கோடி டிகிரி வேண்டியிருக்கிறது. சூரியனின் மையத்திலேயே 1.5 கோடிதான். அப்படியானால் சூரியன் எரியவே கூடாதே!"

கணக்கு சரிதான். பெரிய மேதைகளையே திகைக்க வைத்த கணக்கு அது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது குறைகிற நிறையே நட்சத்திரங்களின் சக்தியாகலாம் என்று ஆர்தர் எடிங்டன் 1920-ல் சொன்னார். (அதே ஆண்டில்தான் நம் மேகநாத ஸாஹா, உஷ்ணத்தால் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழப்பதற்குச் சமன்பாடு தந்தார். அப்படி இழந்த நிலையைத்தான் இன்று பிளாஸ்மா என்கிறோம்.) ஆனால் நட்சத்திரங்களின் சூடு போதாதே என்ற ஆட்சேபம் நின்றது. மதிலைத் தாண்டும் பலமில்லாத துகளும் சிற்சில சமயம் மதிலை ஊடுருவிவிடும் என்பதைக் குவாண்டம் முறைப்படி 1928-ல் ஜார்ஜ் காமோவ் காட்டினார். மறு ஆண்டே அட்கின்ஸனும் ஹௌடர்மன்ஸும் அதை நட்சத்திரங்களுக்குப் பொருத்தினார்கள். சூரியனுக்குள் இணைவு மிக அரிதாகவே நேர்கிறது. அதனால்தான் சுமார் 460 கோடி ஆண்டுகள் எரிந்தும் தீரவில்லை. பூமியில் அந்த நிதானம் உதவாது. டியூட்டிரியம், டிரிட்டியம் என்னும் கனத்த ஹைட்ரஜன்களை 15 கோடி டிகிரிக்குச் சூடேற்றி, பாத்திரத்தின் சுவரில் படாமல் காந்தப் புலத்தால் நிறுத்த வேண்டியிருக்கிறது.

இதையே எழுது என்றோம். புதிய பக்கத்தில் தப்பாகத் தோன்றிய ஒரு கணக்கு இருந்தது. அதன் விடையை முழுதும் அறியத் தேவையான கணிதம் தனக்கு இன்னும் தெரியாது, அதற்காகவே வர விரும்புவதாக முடித்திருந்தாள். சர்வகலாசாலையார் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கப் போகிறார்கள்?

தகப்பனாருக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னோம். 1955-ல் ஜினீவா மகாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளில் இணைவுச் சக்தியை அடக்கியாளும் வழி பிறக்கும் என்றார். எழுபது ஆண்டுகள் போய்விட்டன. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள், உலகமே கொண்டாடியது. நம் வீட்டு மீட்டர் கணக்கில் கிடைத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. லேசரை இயக்க வாங்கிய மின்சாரமோ சுமார் 80 யூனிட்! பாரதமும் பங்காளியாகச் சேர்ந்து பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் யந்திரத்துக்கு 3,850 டன் எஃகு உறை குஜராத்தின் ஹஜீராவில் பகுதி பகுதியாகச் செய்து அனுப்பப்பட்டது. 2024-ல் வெளியான திட்டத்தின்படி, அதில் டியூட்டிரியமும் டிரிட்டியமும் சேர்ந்து எரிவது 2039-ல்தான். இவள் அப்போது முப்பதை எட்டியிருப்பாள். அதுவரை சோறு போட வேண்டியது சூரியன் அல்ல, பௌதிகம். அது போடும், நாமே சாட்சி. அவர் சிரித்தார். ஆனால் சம்மதம் என்று சொல்லவில்லை.

இனி விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளம்பரப் புத்தகத்தில் 'இணைவு' என்று அச்சிட்ட கல்லூரியைத் தேடி அலைய வேண்டாம். கணிதம் நன்றாகச் சொல்லித்தரும் சாதாரண பி.எஸ்ஸி. பௌதிகமே போதும். பிறகு 'ஜாம்' பரீட்சை எழுதி எம்.எஸ்ஸி.; அதன் பின் 'ஜெஸ்ட்' முதலிய பரீட்சைகள் வழியாகக் காந்திநகர் அருகே பத் கிராமத்திலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம். ஆராய்ச்சி மாணாக்கருக்கு அங்கே உதவித் தொகை உண்டு. நம்மவர்களே அமைத்து 1989-ல் இயக்கிய 'ஆதித்யா' யந்திரம் அந்த நிலையத்தினுடையதே. வாசலில் கேட்பதெல்லாம் மின்காந்தம், வெப்பவியல், குவாண்டம், கணித முறைகள். அணுக்கரு இணைவுக்கென்று தனிக் கேள்வித்தாள் கிடையாது.